அப்பறம் எங்க போவும்?

திருப்பதியில் நான் இப்போது வேலை பார்க்கும் லாட்ஜில், மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. ரேணிகுண்டாவில் விமானம் ஏறப் போகிறவர்கள் பெட்டியை அதில் மாட்டி எடை பார்ப்பார்கள். எண் நின்றதும் 'பீப்' என்று கத்தும். நாளைக்கு இருபது தடவையாவது கத்துகிறது. அத்தனை தடவையும் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வந்து தொலைக்கிறது. மொட்டை அடித்த குழந்தைகளுக்கும் லட்டுப் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கியை எடை போட்ட ஒரு பெண்பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அதற்கு முன்பு பதினாறு வருஷம் சித்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் இருந்தேன். கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். வங்கிக் காவலாளிகள், பங்காருபாளையம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள், பயிர்க் காவலுக்கு லைசன்ஸ் வைத்திருந்த விவசாயிகள், இவர்கள்தான் வாடிக்கை. நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் சேஷாசலம் காட்டில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேசுவேன். எல்லாம் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைப் படித்து வந்த ஞானம்.

அந்த அம்மா முதல் தடவை வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருப்பார். கார்வேட்டிநகரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கரும்புச் சோகை கிழித்த கோடுகள். புருஷன் செத்துப்போய், துப்பாக்கி லைசன்சைத் தன் பெயருக்கு வாங்க இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீசாக நடந்து, ஒரு வழியாக வாங்கிவிட்டிருந்தார். புருஷனுடைய இரட்டைக்குழல் துப்பாக்கி எங்கள் கடையிலேயே இருந்தது. தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். தேர்தல் முடிந்து உத்தரவு வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒப்படைத்தவர், எடுத்துக்கொள்ள வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததில்லை. அந்த மாதிரி சீட்டுக் கட்டித் தூங்கும் துப்பாக்கிகள் எங்கள் இரும்பு அறையில் எப்போதும் ஏழெட்டு இருக்கும்.

"இத எடுத்துக்கினு வேற ஒண்ணு குடு நைனா. தூக்கிக்கினு நடக்கறாப்பல. காட்டுப்பன்னிக்கு."

"பன்னிக்கு மறைவுல உக்காந்துதாம்மா சுடணும். யாரு நடக்கறாங்க?" என்றேன், தெரிந்தவன் போல.

"உக்காந்துக்கினா நமக்கு முன்னாடி கீறது மட்டும்தான் தெரியும். நடந்தாத்தான் நாலு பக்கமும் தெரியும்."

சொல்லிவிட்டு மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். புளி எடை போடுகிற தராசு. புருஷனுடைய துப்பாக்கியை அதில் மாட்டித் தூக்கினார். மூன்று கிலோ இருநூற்று எண்பது. 'பீப்'. கடையில் இருந்த வங்கிக் காவலாளி சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி மாட்டினார். எடையை எழுதி வைத்துக்கொள்ளவில்லை; வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்தார். கல்லாவிலிருந்து எதிர்ச்சுவர் காலண்டர் வரை பன்னிரண்டு எட்டு. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், திரும்புவார், போவார். நாற்பது ஐம்பது நடை ஆனதும் சட்டென்று நின்று, காலண்டரில் இருக்கிற ஏழுமலையானுக்குப் பக்கத்து ஆணியைக் குறி பார்ப்பார். குழல் ஆடுகிறதா என்று கவனிப்பார். ஆடினால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். எங்கள் முதலாளி தெலுங்குக்காரர். வாசலில் நின்று பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "ஏமய்யா, அந்தம்மா கடைக்கு வந்துச்சா, வாக்கிங் வந்துச்சா?" என்றார்.

"தூக்கிப் பாத்தா தெரியலியாம்மா? இத்தனை நடை எதுக்கு?" என்று நானும் கேட்டேன்.

"கடைல தூக்கறப்போ எல்லாம் லேசாத்தான் கீது. நடந்த கைக்கு வேற எடை நைனா."

அன்றைக்கு வாங்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவைதான் குண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. எடை குறைவாக வேண்டுமென்றால் பாயிண்ட் டூ டூ ரைபிள்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இரண்டரைக் கிலோகூட இல்லை. உதைக்காது, சத்தம் குறைவு, பொம்பளைங்களுக்குக் கச்சிதம் என்று வாய் வலிக்கப் பேசினேன். அதன் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். பட்டாணியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பன்னி மேல படலன்னா, அப்பறம் எங்க போவும்?"

"போகும், தூரமா."

"எத்தினி தூரம்?"

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தேன். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று போட்டிருந்தது. எத்தனையோ பெட்டி விற்றிருக்கிறேன், அந்த வரியை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.

"இத்தினியூண்டு இருந்துக்கினு ஒன்ற மைலா?" அந்த அம்மா தோட்டாவை மேசைமேல் வைத்தார். "சரி, பட்டுச்சின்னா?"

"பன்னிக்கு இது பத்தாதும்மா. காயத்தோட ஓடும்."

"ஓடி அப்பறம் எங்க போவும்?"

அவரே சொன்னார். காயம்பட்ட பன்றி பக்கத்துக் கொல்லைக்குப் போகும். அங்கே ஒருத்தி குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

பன்றியை நின்ற இடத்தில் சாய்க்கும் பெரிய ரைபிள், பாயிண்ட் த்ரீ ஒன் ஃபைவ், எங்களிடம் இருந்தது. அதன் எடையைக்கூட அவர் பார்க்கவில்லை. குண்டு பன்றியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மேலும் போகும் என்று நான் சொன்னதுமே தள்ளி வைத்துவிட்டார். "எங்க கொல்லியிலேர்ந்து கெழக்கால மூணு கிலோமீட்டர் போனா ஸ்கூலு" என்றார். புருஷனுடையதைப் போன்ற பன்னிரண்டு போர் துப்பாக்கியில் ஒன்பது ரவை கொண்ட தோட்டா போடலாம் என்றேன். "ஒண்ணு ரெண்டு பன்னிக்கு. மீதி ஏழு?" என்றார். நான் தோட்டாக்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்தேன். துப்பாக்கி வாங்க வந்துவிட்டு அது எங்கேயும் போகக்கூடாது என்றால் எப்படி? எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அவருக்குப் பொருந்தியது ஒரு பழைய ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர். இரண்டு கிலோ அறுநூறு. அதற்கு ஒற்றைக் குண்டுத் தோட்டா. பெரிய ஈயக்குண்டு, கிட்டத்தில் பன்றியைச் சாய்க்கும், ரைபிள் குண்டைப் போல ஊர் தாண்டாமல் சீக்கிரம் மண்ணில் இறங்கிவிடும். ரைபிள் இல்லை, ரைபிள் செய்கிற வேலையைக் கிட்டத்தில் மட்டும் செய்யும். அதில் ஒரு கஷ்டம் உண்டு. துப்பாக்கி எடை குறையக் குறைய, கனத்த தோட்டா சுடுகிறவரைத்தான் உதைக்கும். அதைச் சொன்னேன். பின்கட்டைக்கு ரப்பர் பட்டை மாட்டித் தருகிறேன் என்றேன். பட்டையைத் தனியாக எடை போட்டார். நூற்றைம்பது கிராம். வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது வலது கையை உயர்த்தி மாடிப்படிக் கம்பியைப் பிடிக்க முடியாமல் ஏறி வந்தார். கொல்லை மேட்டில் மண்ணைப் பார்த்து இரண்டு தடவை சுட்டுப் பழகியிருக்கிறார். தோள் கறுத்துப்போயிருந்தது, ரவிக்கை விளிம்புக்கு வெளியே தெரிந்தது.

"நான்தான் சொன்னேனேம்மா, பட்டை போட்டுக்கோன்னு."

"அடிக்கிறது என் தோளத்தானே நைனா. அப்பறம் எங்கயும் போவாதில்ல" என்றார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை. அன்று காரணம் தெரியவில்லை.

தோட்டாவை இரண்டு இரண்டாகத்தான் வாங்குவார். பன்றியைச் சுட வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். தன் நிலத்துக்குள் மட்டும் சுடலாம், செத்ததைத் தின்னக்கூடாது, அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகு புதைக்க வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வரப்பு வரப்பாக நடப்பார். மூன்று வருஷத்தில் அவர் சாய்த்தது இரண்டே பன்றி.

"கண்ணுல படலியா?"

"தெனம் படுது. அன்னிக்கு ஒண்ணு பத்தடில நின்னுக்கினு கடலச்செடியப் பொரட்டிக்கினு இருந்திச்சி. அதுக்குப் பின்னால, தூரத்து வரப்புல, ஒர்த்தன் சைக்கிள தள்ளிக்கினு போனான். அவன் போயித் தொலையட்டும்னு நின்னேன். அவன் போறதுக்குள்ள அது துன்னுட்டுப் பூட்ச்சி."

"பாதிக் கொல்லை போயிருக்குமே!"

"போச்சி. பன்னிக்குப் பின்னால இன்னா கீதுன்னு பாத்தப்பறம்தான் நான் பன்னியப் பாப்பேன்."

ஊரில் சிரித்தார்களாம். துப்பாக்கியைப் பன்றிக்குக் காட்டிவிட்டு வருகிறாள் என்று. அதையும் அவரே சொன்னார்.

இந்தக் கேள்வி துப்பாக்கியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதைப் பார்த்தாலும் அதுதான். முதலாளி எலி மருந்து வைத்தார். "துன்னுட்டு எலி அப்பறம் எங்க போவும்? கீழ பேக்கரிலதானே பன்னு சுடறாங்க?" முதலாளி முணுமுணுத்துக்கொண்டே மருந்தை எடுத்துவிட்டார். நான் ஒரு நாள் பேசிக்கொண்டே சிகரெட் துண்டை ஜன்னலுக்கு வெளியே சுண்டினேன். அந்த அம்மா எழுந்தார். இருபத்திரண்டு படி இறங்கி, சாக்கடையோரம் கிடந்த அட்டைப்பெட்டிகளை விலக்கி, துண்டைத் தேடி மிதித்துவிட்டு, இருபத்திரண்டு படி ஏறி வந்தார். மூச்சு வாங்கிற்று. அதோடு கடையில் நான் சிகரெட் குடிப்பதை விட்டேன். என் பெண்டாட்டி பத்து வருஷம் அழுதும் நடக்காத காரியம்.

வேடிக்கையாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் பயமாகவும் இருக்கும். நிம்மதியாக இருக்கிற மனுஷி இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கமாட்டாள் என்று தோன்றும்.

காரணத்தை ஒரு மழை நாளில் சொன்னார். பஸ் வரவில்லை, முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். கீழேயிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

பன்றிக்குக் கம்பி கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற குற்றம். மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து, கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் குச்சிகளில் கட்டி, கரண்ட் விட்டுவிடுவார்கள். விடிந்து ஆள் நடமாடும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட வேண்டும். அவர் வீட்டில் கம்பி கட்டியது புருஷன். பீஸ் பிடுங்குவது அந்த அம்மாவின் வேலை.

"அன்னிக்கு வெள்ளிக்கிழம. எழுந்து போயிப் பாத்தா கொட்டாயில லைட்டு எரியல. கரண்டு இல்ல. இல்லாத கரண்டுக்கு இன்னாத்துக்கு பீஸப் புடுங்கறது, பாலக் கறந்துட்டு வந்து புடுங்கலாம்னு பூட்டேன். மோட்டாரு கரண்டு வாராவாரம் மொற மாறும் நைனா. அன்னிக்குத்தான் மொற மாறற நாளு. எனக்கு ஞாபகமில்ல."

பால் கறந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் மனைவியும் இவரும் தினமும் சேர்ந்துதான் பால் சொசைட்டிக்கு நடப்பார்கள். இவரைக் காணோமே என்று அவள் குறுக்கு வரப்பில் வந்திருக்கிறாள்.

"என்னத்தான் கூப்புட வந்தா" என்றார். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

புருஷன் போலீசிடம், நான்தான் பீஸ் பிடுங்க மறந்தேன் என்று சொல்லிவிட்டார். இவரை வாயே திறக்கவிடவில்லை. ஜெயிலுக்குப் போனார், ஜாமீனில் வந்தார், வாய்தாவுக்குச் சித்தூருக்கும் ஊருக்குமாக அலைந்தார், கேஸ் முடியுமுன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். மறந்தது இவர்தான் என்று செத்தவளின் புருஷனுக்கு இன்றுவரை தெரியாது. பால் வாங்கிக்கொண்டு போகும்போது இவரை "அக்கா" என்று கூப்பிடுகிறானாம்.

"துப்பாக்கி கைல இருந்திருந்தா அவரு கம்பி கட்டியிருக்க மாட்டாரு" என்றார். "எலெக்ஷன் முடிஞ்சி வாங்கியாறலாம்னு செவ்வாக்கிழம வந்தாரு. சனிக்கிழம வரச் சொன்னாங்கன்னு வெறுங்கையோட திரும்பி வந்தாரு. நாலு நாளுதானே, அதுவரிக்கும் கம்பி கட்டறேன்னாரு."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் பழைய ஒப்படைப்புப் பதிவேட்டை எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, 'சனிக்கிழமை வரச் சொல்லப்பட்டது'. என் கையெழுத்து. பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. மதியம் ஒரு மணி. இரும்பு அறைச் சாவி முதலாளியிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார், மூன்று மணிக்கு வருவார். அந்த ஆளை மூன்று மணிவரை உட்காரச் சொல்லியிருக்கலாம். உட்காரச் சொன்னால் நானும் உட்கார வேண்டும். கீழே பேக்கரி டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று கதை விடமாட்டேன். பயந்தேன். அவர் இன்னும் இரண்டு வருஷம் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தார், நானும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தேர்தல் வந்தது. ஒற்றைக்குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஒப்படைத்தார். எடை பார்த்தார், இரண்டு கிலோ அறுநூறு. ரசீது எழுத உட்கார்ந்தேன். மஞ்சள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார்.

"இதோ பழசு ஒண்ணு கீது. இதே மாதிரி எழுதிக் குடு."

புருஷனுடைய ரசீது. பின்பக்கம் மேலே இருந்தது. 'சனிக்கிழமை வரவும்.'

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன் கையெழுத்து நல்லா கீதுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு" என்றார்.

"எப்பலேர்ந்து தெரியும்மா?"

"மொத நாளே. அந்த பேங்குக்காரருக்கு நீ பில்லு எழுதறப்பவே பாத்துட்டேன்."

"ஏம்மா சொல்லல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"சொன்னா அப்பறம் எங்க போவும்? உன் ஊட்டுக்கு வரும். உன் தூக்கத்துக்கு வரும். எங்கிட்ட கீறது போதும்னு உட்டுட்டேன்." பழைய ரசீதை மடித்துப் பையில் வைத்தார். "நீ வேணும்னு எழுதல. நானும் வேணும்னு பீஸ உடல. இந்த வாட்டி எழுதறப்ப யோசிச்சி எழுதுவேன்னுதான் காட்டினேன் நைனா."

நான் அழுதேன். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, துப்பாக்கிக் கடையில், வாடிக்கையாளர் முன்னால். அந்த அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். உத்தரவு வந்த அன்றே துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சத்தியம் செய்ய வேண்டாம் என்றார்.

தேர்தல் முடிந்தது, முடிவு வந்தது, உத்தரவும் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அம்மா மாடி ஏறி வந்தார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. இரும்பு அறைச் சாவி மட்டும் திருப்பதியில், மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த முதலாளியின் இடுப்பில். கடையைச் சும்மா திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன் செய்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். "ரெண்டு நாளுதானே! சனிக்கிழம வரச் சொல்லு!"

அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும். ரசீதைத் திருப்பி வைத்து, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"எழுது நைனா. உன் மேல தப்பில்ல."

"அதுவரைக்கும் என்னம்மா பண்ணுவ?"

"நடந்துக்கினு இருக்கறேன். கைல எடையே இல்ல, இன்னும் நெறைய நடக்கலாம்."

எழுதினேன். 'சனிக்கிழமை வரவும்.' அவர் படி இறங்கி முடித்த பிறகுதான், நானே திருப்பதிக்குப் போய்ச் சாவி வாங்கி வந்தால் என்ன என்று தோன்றியது. ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பதிக்குப் போனேன். கல்யாண மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு சாவியை வாங்கினேன். சனிக்கிழமை எட்டு மணிக்கே கடை திறந்தேன். ஒற்றைக்குழலை எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மேசைமேல் வைத்தேன். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. மாடிப்படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஆள் வந்தான். கசங்கின வேட்டி, தோளில் ஈரத்துண்டு. கையில் அந்த மஞ்சள் பை. பக்கத்துக் கொல்லைக்காரன் என்று சொல்லிக்கொண்டான். பால் வாங்கிப் போகும்போது "அக்கா" என்று கூப்பிடுகிறவன். கம்பியில் மனைவியைப் பறிகொடுத்தவன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தோம் சார். அக்காவ அறுத்து முடிச்சி இப்பத்தான் குடுத்தாங்க" என்றான்.

உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே சொன்னான்.

தேர்தலுக்குத் துப்பாக்கி எல்லாம் போனதும் பன்றி தைரியமாக வந்தது. ஊரில் எல்லோரும் கம்பி கட்டினார்கள். அவனும் கட்டினான். அந்த அம்மா மட்டும் கட்டவில்லை. விடியுமுன் எழுந்து, தன் கொல்லையை விட்டுவிட்டு, ஊரார் மோட்டார் கொட்டகை ஒவ்வொன்றாக நடந்து, பிடுங்காமல் விட்டிருந்த பீஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார். பொழுது விடிந்ததும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பார். திட்டினார்கள். ஒருத்தன் அடிக்கக்கூடப் போனானாம்.

"ராத்திரிலயே வந்து என் பீஸப் புடுங்கிக்கினு பூட்டாங்க சார், ரெண்டு நாளு. கொல்லி பூரா போச்சி. அதான் நான் பீஸே வேணாம்னு மேல லைன்ல கொக்கி போட்டுட்டேன். நேத்து வெடிகாலம் பீஸத் தேடியிருப்பாங்க. இல்லன்னதும் கொம்பால கொக்கியத் தள்ளப் பாத்தாங்க போல. தூத்தல் போட்டுக்கினு இருந்திச்சி. கொம்பு நனைஞ்சி..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "என் பொண்டாட்டி போனப்பறமும் நான் கம்பி கட்டினேனே சார். பன்னி உடுதா?"

அவன் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான், கொக்கி போட்டது நான்தான் என்று சொல்ல. போகும் வழியில் எங்கள் கடை. பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தான். நான்கு பீஸ் கட்டைகள், கொக்கித் தராசு, எங்கள் முத்திரை போட்ட ரசீது.

"இது இந்தக் கடைதுதானே? அக்கா இத ஜாக்கிட்டுல வெச்சிக்கினு இருந்தாங்க. அதான் நனையல. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்குது சார் இதுல?"

வாங்கிப் பார்த்தேன். படித்துச் சொன்னேன்.

"சனிக்கிழமை வரவும்."

அவன் மேசைமேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னிக்குத்தானே சார் சனிக்கிழம?"

"ஆமாம்" என்றேன்.